ஆண்டுக்கு 2% இடர் என்றால் ஐம்பது ஆண்டில் 100% ஆகிவிடுமா?

உங்கள் கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 2% இடர் என்று மருத்துவர் சொன்னால் பத்து ஆண்டுக்கு 20%, ஐம்பது ஆண்டுக்கு 100% என்று கூட்டிக்கொள்ளலாமா என்பது முதலாவது. ஒரே நோய்க்கு ஓர் அறிக்கை சொல்லும் வாழ்நாள் இடர் இன்னோர் அறிக்கையில் இருமடங்காக இருப்பது எப்படி என்பது இரண்டாவது. மொத்த எண்ணிக்கை வரைபடம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா என்பது மூன்றாவது. பத்து ஆண்டு ஒன்றும் நேராமல் கழிந்துவிட்டதே, இத்தனை நாள் சேர்ந்த இடர் இனி மொத்தமாக வந்து விழுமா என்பது கடைசி. உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். நான்குக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு, யாரிடையே, எதை மாறாதது என்று வைத்துக்கொண்டு சேர்த்தார்கள் என்று தெரியாதவரை ஒரு குவிவு எண்ணுக்கு, அதாவது பல ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்லும் எண்ணுக்கு, பொருள் கிடையாது.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. இடர்களைக் கூட்டக் கூடாது, தப்பும் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 2% இடர் என்றால் அந்த ஆண்டைப் பத்திரமாகக் கடக்கும் வாய்ப்பு 0.98. இரண்டு ஆண்டையும் கடக்க 0.98 × 0.98. பத்து ஆண்டுக்கு 0.98-இன் பத்தாம் அடுக்கு, அதாவது 0.817. அதை 1-லிருந்து கழித்தால் 18.3%. ஐம்பது ஆண்டுக்கு 0.98-இன் ஐம்பதாம் அடுக்கு 0.364, இடர் 63.6%. எத்தனை ஆண்டு போட்டாலும் 100%-ஐத் தொடாது. பெரும்பாலான கைப்பேசிகளில் கணிப்பானைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அடுக்குப் பொத்தான் வரும்; வேறு எதுவும் தேவையில்லை.

கூட்டல் எப்போது பரவாயில்லை, எப்போது கெடுக்கும் என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. கூட்டிய தொகை 10%-க்குக் கீழே இருந்தால் கூட்டலே போதும். பிழை அரை விழுக்காட்டைத் தாண்டாது. அதற்கு மேல் போகும்போது, தொகையின் வர்க்கத்தில் பாதி அளவுக்குக் கூட்டல் மிகைப்படுத்துகிறது. 0.2 என்றால் 0.02, எனவே உண்மை விடை 18%-ஐ ஒட்டி இருக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். தொகை 1-ஐ நெருங்கும்போது இந்தக் குறுக்குவழியும் உதவாது, அடுக்குக் கணக்குத்தான். இந்தக் குழப்பம் நிகழ்தகவுக் கணிதத்தின் பிறப்போடு வந்தது. 1654-ல் கணிதவியலர்களான பாஸ்கலுக்கும் ஃபெர்மாவுக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தபோது எழுந்த சிக்கல்களில் ஒன்று இது: ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒருமுறையாவது ஆறு விழும் வாய்ப்பு பாதிக்கு மேல், ஆனால் இரண்டு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டினால் ஒருமுறையாவது இரட்டை ஆறு விழும் வாய்ப்பு பாதிக்குக் கீழ். கூட்டல் கணக்கு இரண்டுக்கும் மூன்றில் இரண்டு என்றே சொல்லும், ஏனென்றால் 4/6-உம் 24/36-உம் ஒன்றுதான். பெருக்கிப் பார்த்தால் முதலாவது 51.8%, இரண்டாவது 49.1%.

கூட்டிய தொகையும் வீண் இல்லை. அது வேறொரு கேள்விக்கு விடை. திரும்பத் திரும்ப நேரக்கூடிய நிகழ்வானால், 50 × 2% = 1 என்பது ஐம்பது ஆண்டில் சராசரியாக எத்தனை முறை நேரும் என்ற எதிர்பார்ப்பு. சிலருக்கு இரண்டு மூன்று முறை நேரும், சிலருக்கு ஒருமுறைகூட நேராது. அதனால் எதிர்பார்ப்பு 1 ஆக இருந்தும் “ஒருமுறையாவது” என்பதன் வாய்ப்பு சுமார் 63% மட்டுமே. எதிர்பார்ப்பு 2 என்றால் 86%, 3 என்றால் 95%. கடைசி எண்ணைத் தலைகீழாகத் திருப்பினால் பயனுள்ள விதி கிடைக்கும்: 300 முறை செய்தும் ஒரு விபரீதம்கூட நேரவில்லை என்றால் இடர் சுழியம் என்று அர்த்தமில்லை, 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடிய அதன் மேல் எல்லை 3/300, அதாவது 1%. “இதுவரை ஒன்றும் ஆகவில்லை” என்று யாராவது சொன்னால் எத்தனை முறையில் என்று கேட்டு 3-ஐ அதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய இடர் பல முறை திரும்பும்போது என்ன ஆகும் என்பதற்கு விண்வெளி ஓடம் நல்ல எடுத்துக்காட்டு. 1986-ல் சேலஞ்சர் சிதைந்த பிறகு நடந்த விசாரணையில், ஓடத்தை இழக்கும் வாய்ப்புக்கான மதிப்பீடுகள் பொறியாளர்களிடம் நூற்றில் ஒன்று, நிர்வாகத்திடம் லட்சத்தில் ஒன்று என்று சிதறிக் கிடந்ததை விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதிவைத்தார். நூற்றில் ஒன்று என்று வைத்தால் 25 பயணங்களுக்குள் ஒரு விபத்தாவது நேரும் வாய்ப்பு 22%; சேலஞ்சரின் கடைசிப் பயணம் திட்டத்தின் 25-ஆவது. மொத்தம் 135 பயணங்களுக்கு அதே கணக்கு 74% தருகிறது. நடந்தது இரண்டு விபத்துகள். லட்சத்தில் ஒன்று சரியாக இருந்திருந்தால் 135 பயணத்துக்கும் சேர்த்தே இடர் 0.14%-ஐத் தாண்டியிருக்காது.

எதிர்த்திசையில் மாற்றும்போது இன்னும் அதிகமாகத் தவறுகிறார்கள். பத்தாண்டு இடர் 30% என்று கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 3% இல்லை. தப்பும் வாய்ப்பு 0.7-க்குப் பத்தாம் மூலம் எடுத்தால் 0.965, ஆண்டு இடர் 3.5%. மருத்துவச் செலவு மாதிரிகளில் இந்த ஒரு படியைத் தவறவிட்டு முழு முடிவும் சாய்ந்துபோவது உண்டு. நிலநடுக்க வடிவமைப்பில் வரும் 475 ஆண்டு என்ற விநோதமான எண்ணும் இந்த மாற்றத்தில் பிறந்ததே: ஐம்பது ஆண்டில் 10% என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைத் தரும் மீள்வரவுக் காலத்தை, அதாவது சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை, தேடினால் 475 வருகிறது. நூறாண்டு வெள்ளம் என்பதும் நூறாண்டுக்கு ஒருமுறை தவணை தவறாமல் வரும் வெள்ளம் இல்லை, எந்த ஆண்டிலும் 1% வாய்ப்புள்ள வெள்ளம். வெள்ளப் பகுதியில் வாங்கிய வீட்டின் முப்பது ஆண்டுக் கடன் தீர்வதற்குள் அது அந்த வீட்டுக்கு ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26%.

இதுவரை சொன்னது கணிதம். இனி வருவது அந்தக் கணிதத்தை மனிதர்கள்மேல் வைக்கும்போது கழன்றுகொள்ளும் ஆணிகள். எல்லா ஆண்டும் இடர் ஒன்றே, எல்லா மனிதருக்கும் இடர் ஒன்றே, ஒரு முறை நடப்பது அடுத்த முறையைத் தொடாது, நடுவில் வேறு எதுவும் குறுக்கிடாது என்ற நான்கையும் அடுக்குச் சூத்திரம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது.

முதலாவதை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் எல்லாரும் உள்ளூர அறிந்தது. அமெரிக்கப் பெண்களில் எட்டில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற எண் பலரையும் திகைக்க வைக்கிறது. அது வாழ்நாள் முழுவதும் சேர்த்த எண். அதே தரவில், முப்பது வயதுப் பெண்ணுக்கு அடுத்த பத்தாண்டு இடர் சுமார் 0.5%, எழுபது வயதில் சுமார் 4%. எட்டில் ஒன்றை எண்பதால் வகுத்து ஆண்டுக்கு இவ்வளவு என்று பரப்பினால் இளவயதில் மிகையாகவும் முதுவயதில் குறைவாகவும் வரும். வயதுவாரியான எண்கள் கிடைத்தால் அவற்றைத் தனித்தனியே பெருக்குங்கள், சராசரியை அடுக்கில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றுவது, அதனால் எண்களோடு காட்டுகிறேன். ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் 100 பேருக்கு ஆண்டுக்கு 20% இடர், மற்ற 900 பேருக்கு இடரே இல்லை. முதல் ஆண்டில் 20 பேருக்கு நேரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது “ஆண்டுக்கு 2%”. அவர் அடுக்குக் கணக்குப் போட்டு பத்தாண்டில் 18.3% என்பார். உண்மையில் நூறு பேரில் 89 பேருக்கு நேர்ந்திருக்கும், அதாவது ஆயிரத்தில் 8.9%, பாதிக்கும் குறைவு. இன்னொன்றும் நடக்கும். பத்தாம் ஆண்டில் எஞ்சியிருப்போர் 913 பேர், அந்த ஆண்டில் நேர்வது மூன்று பேருக்குக்கூட இல்லை, இடர் 0.3%-ஆகச் சரிந்ததுபோல் தெரியும். எந்த ஒருவருடைய இடரும் மாறவில்லை. இடர் அதிகம் உள்ளவர்கள் முதலில் வெளியேறிவிட்டார்கள், அவ்வளவுதான். “முதல் சில ஆண்டைத் தாண்டிவிட்டால் பயமில்லை” என்ற பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு இந்த வடிகட்டல் என்பதைக் குவிவு வளைவை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. உடல் உண்மையிலேயே தேறினாலும் வளைவு இதே வடிவில்தான் வளையும்.

கருத்தடை முறைகளின் தோல்வியைச் சொல்லும் பேர்ல் குறியீடு இதே குழியில் விழுந்தது. 1933-ல் ரேமண்ட் பேர்ல் முன்வைத்த அது, கர்ப்பங்களின் எண்ணிக்கையை 1200-ஆல் பெருக்கி, முறையைப் பயன்படுத்திய மொத்த மாதங்களால் வகுப்பது. விடை நூறு பெண்-ஆண்டுகளுக்கு இத்தனை என்று வரும். எளிதில் கருத்தரிப்பவர்களும் கவனக்குறைவாகப் பயன்படுத்துபவர்களும் முதல் மாதங்களிலேயே ஆய்விலிருந்து கழிந்துவிடுவதால், ஆய்வை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு குறியீடு அழகாகிவிடும். ஆறு மாத ஆய்வின் குறியீட்டையும் மூன்றாண்டு ஆய்வின் குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு. 12 மாதத்தில் இவ்வளவு, 24 மாதத்தில் இவ்வளவு என்று காலம் குறித்த வாழ்நிலை அட்டவணை முறை பின்னர் பரவியதற்குக் காரணமே இதுதான். ஓராண்டுத் தோல்வி விகிதத்தைப் பத்தாம் அடுக்கில் ஏற்றி வரையும் படங்களும் இதனாலேயே மிகையாகக் காட்டுகின்றன.

மூன்றாவது, ஒன்றையொன்று சாராமை. சாராமை இல்லாதபோது கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது கேள்வியைப் பொறுத்துத் திசை மாறும். கண்ட வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் முக்கியத்துவச் சோதனையில் 5% என்ற எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிலும் தனித்தனியான 5 சோதனைகள் செய்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருமுறையாவது “இருக்கிறது” என்று பொய்யாக அடிக்கும் வாய்ப்பு 22.6%. அதே ஒரு சோதனையின் தரவு சேரச் சேர 5 முறை எட்டிப்பார்த்தால் அது 14.2% மட்டுமே, முந்தைய தரவு ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதால் விடைகள் ஒட்டிப்பிறந்தவை. பத்து முறை பார்த்தால் தனித்தனிக் கணக்கு 40%, உண்மை 19.3%. குறைவாகிறதே என்று மகிழ வேண்டாம், 5% என்று நம்பியவருக்கு 19% வருகிறது. பாதுகாப்புக்காக இரட்டைக் கருவி வைப்பதிலோ இதே ஒட்டுதல் எதிர்த்திசையில் கடிக்கும். தலா 1% பழுதாகும் இரண்டு பம்புகள் ஒரே நேரத்தில் நிற்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒரே மின்கம்பி, ஒரே பராமரிப்பாளர், ஒரே வெள்ளம் என்றால் அது நூற்றில் ஒன்றுக்கு நெருக்கமாகவே இருக்கலாம். சாராமையை நிரூபித்தவர் யார் என்று கேட்காமல் பெருக்கலை ஏற்கக் கூடாது.

நான்காவது, குறுக்கிடும் மற்ற முடிவுகள். உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பெரியம்மையை ஒழித்தால் ஆயுள் எவ்வளவு கூடும் என்று 1760-ல் கணிதவியலர் டேனியல் பெர்னூலி கணக்கிட்டபோதே இந்தச் சிக்கல் வெளிப்பட்டது: பெரியம்மையிலிருந்து தப்பியவர் என்றென்றும் வாழப்போவதில்லை, இன்னொன்றால் இறப்பார். இன்று இதற்குப் போட்டி இடர் என்று பெயர். ஒரு முதியோர் குழுவை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் 5% பேருக்கு நோய் வருகிறது, 10% பேர் நோய் வருமுன்பே வேறு காரணத்தால் இறக்கிறார்கள், 85% பேர் அப்படியே தொடர்கிறார்கள். இருபது ஆண்டில் எத்தனை பேருக்கு நோய் வந்திருக்கும்? உள்ளபடி எண்ணினால் 32%. இறந்தவர்களை “தகவல் நின்றுபோனவர்கள்” என்று ஒதுக்கிவிட்டு தப்பும் வாய்ப்புகளைக் காலவாரியாகப் பெருக்கும், 1958-ல் வந்த கப்லான்–மேயர் முறையில் போட்டு 1-லிருந்து கழித்தால் 64%. இருமடங்கு! கூட்டல் பிழை எதுவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். 64% என்பது வேறு எதனாலும் யாரும் இறக்காத கற்பனை உலகில் நோய் எவ்வளவு பேரைத் தொடும் என்பது. 32% என்பது இந்த உலகில் எத்தனை பேரைத் தொடும் என்பது. நோயின் வீரியத்தை ஆராய்பவருக்கு முதலாவதில் பயன் உண்டு. தனக்கு என்ன ஆகும் என்று கேட்பவருக்கும், எத்தனை படுக்கை தேவை என்று திட்டமிடுபவருக்கும் இரண்டாவதுதான் வேண்டும்.

மென்பொருளில் இது நிகழும் இடம் சிறியது. என்ன நேர்ந்தது என்று குறிக்கும் நெடுவரிசையில் நோய்க்கு 1, மற்ற எல்லாவற்றுக்கும் 0 என்று போட்டுவிட்டால் இறந்தவரும் முகவரி மாறிப் போனவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். முகவரி மாறியவருக்கு இன்னும் நோய் வரலாம், இறந்தவருக்கு வராது. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியின் சர்வைவல் தொகுப்பில் நிகழ்வை மூன்று நிலை (தகவல் நின்றது, நோய், மரணம்) கொண்ட ஃபேக்டராக, அதாவது வகை மாறியாக, கொடுத்தால் அது மரணத்தையும் தனி முடிவாக எண்ணும் ஆலன்–யோஹான்சன் முறைக்கு மாறிச் சரியான குவிவு நிகழ்வு வளைவைத் தரும். சரிபார்ப்பதற்கும் எளிய வழி உண்டு: நோயின் குவிவு நிகழ்வு, மற்ற மரணத்தின் குவிவு நிகழ்வு, இரண்டும் நேராதோர் பங்கு மூன்றும் எந்தக் காலப்புள்ளியிலும் சரியாக 1-க்குக் கூட வேண்டும். 1-ஐத் தாண்டினால் யாரோ கப்லான்–மேயரை இரண்டு முறை ஓட்டியிருக்கிறார்கள்.

உலகப் புற்றுநோய் அட்டவணைகளில் 0–74 வயதுக்கான குவிவு இடர் என்று வருவதும் மேலே 64% தந்த கற்பனை உலக வகையைச் சேர்ந்ததே. ஐந்தைந்து வயதுப் பிரிவின் வீதத்தை 5-ஆல் பெருக்கிக் கூட்டினால் குவிவு வீதம். அது 0.22 என்று வந்தால், இயற்கை அடுக்கு எண்ணை (e, சுமார் 2.718) மைனஸ் 0.22 அடுக்கில் ஏற்றி 1-லிருந்து கழிக்க வேண்டும், இடர் 19.7%. குவிவு வீதம் 1-ஐத் தாண்டலாம், அது நிகழ்தகவு இல்லை. குவிவு இடர் தாண்டாது. வேறு மரணம் இல்லை என்ற அனுமானம் இதில் பொதிந்திருக்கிறது. நாடுகளை ஒப்பிட அது ஒரு வசதி, ஏனென்றால் ஒரு நாட்டில் மற்ற நோய்களால் சீக்கிரம் இறப்பது அந்த நாட்டின் புற்றுநோய் எண்ணைக் குறைத்துக் காட்டாது. தனிமனிதருக்கு எடுத்துச் சொல்ல அது தோதான எண் இல்லை என்பது என் கருத்து.

ஒப்பீட்டு எண் ஒன்றும் இதில் சிக்கிக்கொள்கிறது. “இடர் வீதம் இருமடங்கு” என்று படித்துவிட்டு, 60% குவிவு இடரை 120% ஆக்கிப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. வீதம் இருமடங்கானால் தப்பும் வாய்ப்பு வர்க்கமாகும்: 0.4 × 0.4 = 0.16, எனவே 84%. குவிவு இடர் 1% ஆக இருந்த இடத்தில் மட்டும் ஏறத்தாழ 2% ஆகும்.

இனி வரைபடம். குவிவு எண்ணிக்கை என்பது கடந்தகாலத்தை மறக்காத எண்; எதுவும் கழியாது. ஆகவே ஏறுகிறது என்பது செய்தி இல்லை, எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதுதான் செய்தி. கோட்டின் சரிவு குறையத் தொடங்கும் இடம்தான் அன்றாட எண்ணிக்கை உச்சத்தைத் தாண்டிய இடம், கோடு கிடையாகப் படுத்தால் புதிதாக எதுவும் இல்லை. மனிதக் கண் சரிவு மாற்றத்தை உயரத்தைப்போல் தெளிவாகப் பிடிப்பதில்லை. அதனால் அன்றாட அல்லது வாராந்தர எண்ணைப் பட்டைகளாக வரைந்து பார்ப்பதே மேல். குவிவுக் கோடு மட்டும் கிடைத்தால் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் முந்தையதைக் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். கழிக்கும்போது ஒரே நாளில் பெரிய பாய்ச்சல் வந்தால் நோய் பாய்ந்தது என்று உடனே எழுத வேண்டாம். 2020 பிப்ரவரி நடுவில் சீனாவின் ஹூபே மாகாணத்தின் கோவிட் எண்ணிக்கையில் ஒரே நாளில் ஏறத்தாழ 15,000 பேர் சேர்ந்தது, ஆய்வக முடிவு இல்லாமல் மருத்துவக் குறிகளால் கண்டறியப்பட்டவர்களையும் எண்ணத் தொடங்கியதால்.

குவிவு எண்களை வைத்து மேற்கொண்டு கணக்குப் போடுவதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டு குவிவு வரிசைகளை எடுத்தாலும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு, உச்சம் 1) 0.9-ஐத் தாண்டுவது சாதாரணம்; அவற்றுக்குள் எந்தத் தொடர்பும் இருக்கத் தேவையில்லை. அதேபோல் குவிவு எண்களுக்குக் கோடு பொருத்தினால் புள்ளிகள் வழவழவென்று உட்கார்ந்து, பிழை எல்லை பொய்யாகச் சுருங்கிவிடும், ஏனென்றால் நேற்றைய பிழை இன்றைய எண்ணிலும் நாளைய எண்ணிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, பரவல் நடந்துகொண்டிருக்கும்போதே குவிவு இறப்பைக் குவிவு நோயாளர் எண்ணால் வகுப்பது. நேற்று நோயாளியானவரின் முடிவு இன்னும் தெரியாது, ஆனால் அவர் பகுதியில் இருக்கிறார், தொகுதியில் இல்லை. 2003 சார்ஸ் பரவலின் தொடக்கத்தில் இந்த விகிதம் 5%-க்குக் கீழே தெரிந்தது. எல்லாம் முடிந்தபோது 8,096 பேரில் 774 இறப்பு, 9.6%. லேசான நோயாளிகள் கணக்கில் வராமல் விடுபட்டால் பிழை எதிர்ப்பக்கம் சாயும், அதனால் நடுவழியில் வரும் விகிதம் கூடுமா குறையுமா என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

குவிப்பதை வேண்டுமென்றே ஆயுதமாக்கும் முறையும் உண்டு. தரக்கட்டுப்பாட்டில் கியூசம் என்பார்கள், 1954-ல் பேஜ் முன்வைத்தது. ஒவ்வோர் அளவிலிருந்தும் இலக்கையும் ஒரு சிறு கழிவையும் கழித்துக் கூட்டிக்கொண்டே போவது. கூட்டல் சுழியத்துக்குக் கீழே போனால் சுழியத்திலேயே நிறுத்துவது. கழிவு திட்ட விலக்கத்தில் பாதி, எச்சரிக்கை எல்லை 5 திட்ட விலக்கம் என்று வைப்பது வழக்கம். சராசரி ஒரு திட்ட விலக்கம் நகர்ந்தால் இது சுமார் 10 அளவுகளில் பிடித்துவிடும்; 3 திட்ட விலக்க எல்லை போட்ட சாதாரணக் கட்டுப்பாட்டு வரைபடத்துக்கு அதே வேலைக்குச் சராசரியாக 44 அளவுகள் வேண்டும். பொய் எச்சரிக்கையோ, ஏற்றம் இறக்கம் இரண்டையும் கண்காணிக்கும் கியூசத்தில் சராசரியாக 465 அளவுக்கு ஒன்று, மற்றதில் 370-க்கு ஒன்று. சுழியத்தில் நிறுத்தும் படியை விட்டுவிட்டால் பழைய நல்ல முடிவுகள் சேமிப்பாகி, இன்றைய சரிவை மறைத்துவிடும். தொடக்கத்திலிருந்து எடுக்கும் குவிவுச் சராசரி மந்தமாகிப்போவதும் இதே காரணத்தால்தான்; ஆயிரமாவது அளவு அதை ஆயிரத்தில் ஒரு பங்குதான் அசைக்கும்.

குவிவு வெளிப்பாடு என்பது இன்னொரு வகை. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் சிகரெட் என்பதை ஆண்டுகளால் பெருக்கும் பாக்கெட்-ஆண்டு எல்லாருக்கும் தெரிந்தது. அதில் 2 பாக்கெட் 10 ஆண்டும், 1 பாக்கெட் 20 ஆண்டும் ஒன்றே. நுரையீரல் புற்றுநோய்க்கு அவை ஒன்றல்ல. 1978-ல் டாலும் பீட்டோவும் செய்த ஆய்விலிருந்து, புகைத்த காலத்தின் நீளம் அளவைவிடப் பல மடங்கு வலுவாக, நான்காம் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது என்பது ஏற்கப்பட்ட கருத்து. இரண்டை ஒன்றாகப் பெருக்கிய அளவுகோல் எதைக் கண்டாலும், இரண்டையும் தனித்தனியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பத்து ஆண்டு கடந்துவிட்டதால் சேர்ந்த இடர் எங்கும் தேங்கி நிற்பதில்லை. ஆண்டுக்கு 2% என்ற கணக்கில் வரும் 20 ஆண்டுக்கான 33.2% என்ற எண் முதல் நாளில் நின்று பார்த்தவருக்கு உரியது. இன்று நிற்பவருக்கு, 20 ஆண்டுத் தப்பும் வாய்ப்பை 10 ஆண்டுத் தப்பும் வாய்ப்பால் வகுக்க வேண்டும்: 0.668 ÷ 0.817 = 0.817. அடுத்த பத்தாண்டு இடர் மறுபடி அதே 18.3%. இடர் வயதோடு ஏறும் நோயானால் இதைவிடக் கூடும். மேலே சொன்ன வடிகட்டல் வலுவாக இருந்தால் குறையும். எது என்று அறிய, உங்கள் மருத்துவரிடம் அந்த 2% எந்த ஆய்வின் வளைவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். வளைவு கிடைத்தால் 10-ஆம் ஆண்டு உயரத்தையும் 20-ஆம் ஆண்டு உயரத்தையும் படித்து இதே வகுத்தலைச் செய்யலாம். வளைவுக்கு அடியில் ஒவ்வோர் ஆண்டிலும் எத்தனை பேர் எஞ்சியிருந்தார்கள் என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். அது 10, 15 என்று இறங்கிய இடத்துக்கு வலப்பக்கம் கோடு எப்படி வளைந்தாலும் அதை வைத்து வகுக்க வேண்டாம். ஒரே ஒருவருக்கு நேர்ந்தாலே அங்கே கோடு பத்து விழுக்காடு குதிக்கும்.